பள்ளி மணி அடித்த பிறகு

(சுங்கைப்பட்டாணியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று வெள்ளிக்கிழமை. மற்ற பெரும்பாலான மாநிலங்களில் இந்நேரம் பள்ளி நடந்துகொண்டிருக்கும். கெடாவில் நமக்கு வெள்ளியும் சனியும்தான் ஓய்வு நாள். துணி துவைக்க, சந்தைக்குப் போக, கொஞ்சம் கூடுதலாகத் தூங்க இருக்கும் அந்த இரண்டு நாளில் ஒரு காலைப் பொழுதை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் படிப்பில் இருக்கும் இடைவெளியைப் பள்ளிக்கூடம் குறைக்கிறதா, கூட்டுகிறதா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன்னால் நின்றவள் நான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டு வகுப்பு எனக்குக் கிடைக்கும்போதெல்லாம் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். முதல் நாள் பிள்ளைகளை எழுதச் சொல்லமாட்டேன், படிக்கவும் சொல்லமாட்டேன். ஆளுக்கொரு கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பிள்ளை புத்தகத்தை மேசையில் நேராக வைக்கும். அட்டையில் உள்ள எழுத்தின் மேல் விரலை ஓட்டும். தாளின் ஓரத்தைப் பிடித்துக் கசங்காமல் திருப்பும். படத்தைப் பார்த்துத் தானாகவே சிரிக்கும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் இன்னொரு பிள்ளை புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓர் ஆண்டு அப்படி உட்கார்ந்திருந்த சிறுமி ஒருத்தி, வெகு நேரம் கழித்து மெல்ல என்னிடம் கேட்டாள்: “டீச்சர், இதத் தொறக்கலாமா?”

இரண்டு பேருக்கும் வயது ஏழு. சீருடை ஒன்று, வகுப்பு ஒன்று, ஆசிரியையும் ஒருத்திதான். அந்த நிமிடம் வரைக்கும் இருவருக்கும் நான் ஓர் எழுத்துகூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. இடைவெளி எனக்கு முன்னாலேயே வகுப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அமெரிக்காவில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பால் வான் ஹிப்பல், ஜோசப் வொர்க்மன், டக்ளஸ் டவுனி என்ற மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வாசிப்பிலும் கணக்கிலும் பிள்ளைகளுக்கு இடையே உள்ள ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி பாலர் வகுப்பில் காலடி எடுத்து வைப்பதற்கு முன்பே உருவாகிவிடுகிறது என்று சொல்கிறது. பள்ளிக்கு வந்த பிறகு அது கூடுவதும் குறைவதும் அதோடு பார்த்தால் சிறியது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பழகியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக நாங்கள் கைகழுவிவிட்டுப் போய்விடவும் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பீடோங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு அம்மா ரப்பர்க் காட்டுக்குப் போய்விடுவார். எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போவார். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நீளமான ஒரு பலகைக் கொட்டகை, வரிசையாய்ப் புடவைத் தொட்டில்கள், ஓர் ஆயாவும் துணைக்கு ஒரு பாட்டியும். கைக்குழந்தை முதல் ஆறு வயது வரைக்கும் அத்தனை பேரும் அங்கேதான். ஆயா எங்களை விழாமல், அழாமல், பசிக்காமல் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆறு ஆண்டில் அந்தக் கொட்டகையில் ஒரு புத்தகத்தையும் நான் பார்த்ததில்லை. தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணி வீட்டுப் பிள்ளைகள் அங்கே வரவில்லை. அவர்கள் வீட்டில் தமிழ் நேசனோ தமிழ் முரசோ வரும். அப்பா படிப்பதைப் பார்த்து வளர்ந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் நாங்கள் ஒரே வாங்கில் உட்கார்ந்தபோது அவர்கள் ஆறு ஆண்டு முன்னால் இருந்தார்கள்.

தோட்டப் பள்ளி எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலுள்ள பினாங்கில் 1816இலேயே ஒரு தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. ஆனால் தோட்டங்களில் பள்ளி பரவியது தொழிலாளர் சட்டத்தால். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதி 1912இல் கூட்டு மலாய் மாநிலங்களில் வந்தது. கெடா அந்தக் கூட்டுக்கு வெளியே இருந்த மாநிலம். இங்கேயும் பிறகு தோட்டத்துக்கு ஒரு பள்ளி என்று முளைத்தது. துரைமார்களுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. பள்ளி இருந்தால் குடும்பத்தோடு வருவார்கள், வந்தவர்கள் ஊர் திரும்பமாட்டார்கள். எழுதப் படிக்கக் கொஞ்சம், கூட்டல் கழித்தல் கொஞ்சம். அதற்கு மேல் படித்தால் பால் வெட்ட ஆள் குறையும். பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியும்தான் வாத்தியார்.

பேராசிரியர் டி. மாரிமுத்து இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். 1993இல் வெளிவந்த பெரிய தொகுப்பு நூல் ஒன்றில் அது இருக்கிறது. தோட்டப் பள்ளி சமூக மறுஉற்பத்தியின் கருவியாக இருந்தது என்பது அவர் வாதம். தொழிலாளியின் பிள்ளையை மறுபடியும் தொழிலாளியாகவே வார்த்தெடுத்தது என்று பொருள். நான் அதை மறுக்கமாட்டேன். என் வகுப்பில் படித்த பெரும்பாலோர் காட்டுக்குத்தான் போனார்கள். ஆனால் ஒன்று சொல்வேன். அந்தப் பள்ளியும் இல்லாமல் இருந்திருந்தால் நான் இந்த மேடையில் நின்றிருக்கமாட்டேன்.

எனக்கு ஒரு தம்பி. என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒரே வீடு, ஒரே தோட்டப் பள்ளி, ஒரே வாத்தியார். கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒட்டுப்பால் எடை போடும் இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பான். தராசுக்காரர் ஒவ்வொரு மூட்டையாய்ச் சொல்லச் சொல்ல இவன் மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வருவான். ஒரு தடவை கிராணி எழுதிய கணக்கில் பிசகு இருந்ததை, பத்து வயதில், எல்லார் முன்னாலும் சொல்லித் திருத்தினான்.

1976இல் நான் இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பு. அதுவரை தமிழில் படித்த அறிவியலும் கணக்கும் வரலாறும் இனி மலாய் மொழியில். தமிழில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நாளில் தெரியாததாகிவிட்டது. அப்போது கிராணி வீட்டு அக்கா ஐந்தாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தார். மாலை ஏழு மணிக்கு அவர் வீட்டு அஞ்சடியில், முன் தாழ்வாரத்தில், என்னை உட்கார வைத்து, அன்றைய பாடத்தை மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லிக்கொடுப்பார். தோட்டத்து மின்சார இயந்திரம் பத்து மணிக்கு நின்றுவிடும், அதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவேன். இரண்டு ஆண்டுகள் அப்படி நடந்தது. பிறகு அக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

தம்பி 1978இல் புகுமுக வகுப்புக்குப் போனபோது அந்த அஞ்சடியில் யாரும் இல்லை. எனக்கோ என் பாடத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அவனைக் கடைசி வகுப்பில் போட்டார்கள். எந்தப் பள்ளி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் அப்படித்தான் இருந்தது. கட்டடத்தின் கோடியில், பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு. ஆசிரியர் விடுப்பில் போனால் மாற்று ஆசிரியர் வரமாட்டார். கிராணியின் கணக்கைத் திருத்திய பையன், கணக்குக் கேள்வியில் இருக்கும் மலாய்ச் சொல் புரியாததால், விடைத்தாளை வெறுமையாய்க் கொடுத்துவிட்டு வந்தான். மூன்றாம் படிவத்தோடு எஸ்.ஆர்.பி. தேர்வில் தோற்று நின்றுவிட்டான். நான் ஆசிரியை ஆனேன். அவன் பால் வெட்டப் போனான், பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போனான்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மாலையில் ஒரு மணி நேரம்.

இப்போது உலகத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் கார்ல் அலெக்ஸாண்டர், டோரிஸ் என்ட்விசில் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 1982இல் தொடங்கி, முதல் வகுப்பில் சேர்ந்த ஏறக்குறைய 800 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் முன்னேறினார்கள். நீண்ட கோடை விடுமுறையில் வசதியுள்ள பிள்ளை மேலே போனது, ஏழைப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. இதைக் குழாய்த் தண்ணீர் என்று அவர்கள் விளக்கினார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. பொதுப் பைப்பில் தண்ணீர் வரும்போது எல்லா வீட்டுக்கும் உண்டு. பைப்பு நின்றுவிட்டால், வீட்டில் தொட்டி கட்டி வைத்திருப்பவனுக்குத்தான் தண்ணீர்.

பின்னால் வந்தவர்கள், அந்தக் காலத்துத் தேர்வுகளின் அளவுகோலில் குறை இருந்தது, விடுமுறையில் இடைவெளி அவ்வளவு விரிவதில்லை என்றும் சொன்னார்கள். முன்னே சொன்ன 2018 ஆய்வு அந்த வகையைச் சேர்ந்ததுதான். அறிஞர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும். விடுமுறை பற்றி அவர்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். பைப்பு ஒன்றரை ஆண்டு நின்றால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்துவிட்டோம்.

2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பத்து வாரம்கூடச் சரியாகப் பள்ளிக்கு வராத பிள்ளைகள் அவர்கள். நடுவில் சில மாதம் திறந்தது, மறுபடி மூடியது. 2021 அக்டோபரில்தான் படிப்படியாகப் பள்ளிகள் திறந்தன. கல்வி அமைச்சு 2020இல் பெற்றோரிடம் கேட்டபோது, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் கணினி, கைப்பேசி என்று எந்தக் கருவியும் இல்லை எனத் தெரிந்தது. கருவி இருந்த வீட்டிலும் என்ன நிலை? மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவு பதினொரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வரும். பயிற்சித் தாளைத் தரையில் விரித்து எடுத்த படம். தாள் பறக்காமலிருக்க அதன் ஓரத்தில் பாட்டியின் கால் கட்டைவிரல். அந்த விரலைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. விரல் இல்லாத ஒரு நாள், பாட்டிக்கு என்ன ஆயிற்றோ என்று போன் போட்டுக் கேட்டேன். என் பட்டியலில் ஏழு பிள்ளைகளிடமிருந்து எந்தப் படமும் வரவே இல்லை. அவர்களுக்காகத் தாள்களை நகலெடுத்து, தாமான் குடியிருப்பின் மளிகைக் கடையில் கொடுத்து வைப்பேன். அரிசி வாங்க வருகிறவர்கள் எடுத்துப் போவார்கள்.

பள்ளி திறந்தபோது, வகுப்பில் ஒரு பையன் மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தைச் சரளமாகப் படித்தான். வீட்டில் அம்மா தினமும் கூட உட்கார்ந்திருக்கிறார், டியூஷனும் உண்டு. அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு ‘ங’ எது, ‘ஞ’ எது என்று தடுமாற்றம். 2020இல் அவர்களுக்கு நடுவில் இருந்த தூரம் எனக்குத் தெரியும். அது இவ்வளவு இல்லை. இதற்குப் பிறகும் பள்ளிக்கூடம் ஏற்றத்தாழ்வைக் குறைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். திறந்திருக்கும் பள்ளி குறைக்கிறது. மூடியிருக்கும் பள்ளிதான் கூட்டுகிறது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் ஒன்று நடந்தது. நம்மவர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கும் ஏறக்குறைய பதினெட்டு மாதம் பள்ளிகள் மூடியிருந்தன. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஊரிலேயே உள்ள தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்த பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணையிலும் நடந்தது, மரத்தடியிலும் நடந்தது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியல் அறிஞர்கள் கிராமப்புறத்தில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இழப்பு மிகப் பெரிதாக இருந்தது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த மாலை வகுப்பால் வந்தது. பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள் கூடுதலாக மேலே வந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கிராணி வீட்டு அஞ்சடிதான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் பள்ளி எந்தத் தவறும் செய்வதில்லையா? செய்கிறது. சிலவற்றைச் சொல்லாமல் போக முடியாது.

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் வந்தது, 2021இல் அதை நிறுத்தினார்கள். அந்த முப்பது ஆண்டும் நாம் எப்படி நடந்துகொண்டோம்? எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எடுத்தவர்களின் படத்தைப் பதாகையாக அடித்துப் பள்ளி வாசலில் கட்டினோம். நானும் கட்டியிருக்கிறேன். அந்தப் பத்துப் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டு முழுவதும் காலை வகுப்பு, மாலை வகுப்பு, விடுமுறை முகாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் பின்வரிசையில் உட்கார வைத்து, தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். யாருக்கு அந்தக் கூடுதல் நேரம் தேவைப்பட்டதோ அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. தேர்வு போய்விட்டது. அந்த மனப்பழக்கம் போயிற்றா என்று ஆசிரியர்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டடமும் ஆள் கணக்கும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். கெடாவில் ஏறத்தாழ அறுபது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது போனவை பல, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது போனவை பல. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் பெரும்பாலானவை இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகள்தான். கூரையை மாற்றவும் நன்கொடைச் சீட்டு அடிக்க வேண்டியிருக்கிறது. 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி, முப்பதுக்கும் கீழே போனால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பு. சிறிய பள்ளி என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாசலும் தெரிந்த ஆசிரியரைப் பெரிய பள்ளியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டன, பள்ளியோ செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. பள்ளி வேனுக்குக் காசு இல்லாத மாதம் பிள்ளை வீட்டில்.

அம்மாமார்கள் இப்போது பெரட்டுக்குப் போவதில்லை. கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. லூனாஸ், பாடாங் செராய் பக்கத்துப் பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலையில் திரும்பி வரும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும், பிள்ளை திரும்பும்போது அம்மா தூக்கத்தில் இருப்பார். அந்த அம்மாவிடம் போய், பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள் என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயாக் கொட்டகையும் போய்விட்டது. அந்த இடத்தில் பல வீடுகளில் கைப்பேசிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது.

ஆகவே இந்த அவையில் இரண்டு விஷயம் கேட்கிறேன். முதலாவது, நாலு வயதில் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேருங்கள். காசு இல்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆண்டு விழா விருந்தைக் குறைத்துக்கொண்டு, தாமானில் எந்தப் பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகவில்லை என்று சங்கம் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். முதலாம் ஆண்டில் வந்த பிறகு தேடினால் தாமதம்.

இரண்டாவது, அந்த ஒரு மணி நேரம். டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கி, டியூஷனுக்குக் கட்ட வழியில்லாத பிள்ளைகளும் படிக்கலாம் என்று காட்டியவர். அவ்வளவு பெரிதாக நாம் தொடங்க வேண்டியதில்லை. நம் தாமான் கோயில் மண்டபம் மாலை பூசை முடிந்தால் சும்மாதான் இருக்கிறது. விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ஞாயிறு முதல் புதன் வரை நாலு நாள், ஏழரை முதல் எட்டரை வரை. முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரைக்கும், படிக்கத் திணறும் பிள்ளைகள் மட்டும். அவர்களோடு முதலாம் படிவத்துக்குப் போன பிள்ளைகளும் வரட்டும், அங்கே மலாய் மொழியில் தடுமாறுவது யார் என்று நமக்குத் தெரியும். பதாகை வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிராணி வீட்டு அக்காவுக்கு அப்போது வயது பதினேழுதான்.

வாசலில் மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். போகும்போது பேரும் எந்த நாள் வர முடியும் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பக்கத்தில் என் பேர் இருக்கிறது, அதற்குக் கீழே என் தம்பி பேர். தொழிற்சாலையிலிருந்து அவனும் ஓய்வுபெற்றுவிட்டான். கணக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நாங்கள் இருவரும் புதன்கிழமை.